மைக்கக்காவின் முகம்

அச்சகத்திலிருந்து சுவரொட்டிக் கட்டு வந்து இறங்கியபோது குள்ளியின் கை முழங்கை வரைக்கும் சோப்பு நுரையில் இருந்தது. வெளியே விடாத மழை. கட்டைக் கொண்டுவந்த ஆள் அதைச் சட்டைக்குள் கைப்பிள்ளையைப் போல அணைத்து எடுத்து வந்திருந்தான்.

"ஒரு சொட்டு படல. எங்க வைக்க?"

ஈரமில்லாத இடமென்று அந்த வீட்டில் கட்டிலின் மேல்தான் கொஞ்சம் மிச்சமிருந்தது. அங்கே வைத்துப் பிரித்தார்கள். காகிதம் விரிய விரிய மைக்கக்கா சிரித்தாள். மூக்கு லேசாக ஒரு பக்கம் சாய்ந்த, முன்பல் இரண்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு நிற்கும் முகம். யாரோ எதையோ சொல்ல, அவள் வாயை மூட மறந்த நேரத்தில் எடுத்த படம். கீழே நினைவுக் கூட்டம் என்றும், சந்தைக் கொட்டகை என்றும் போட்டிருந்தது. 'எல்லாரும் வரலாம்' என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொன்னது டீச்சர்.

"பல்லு கொஞ்சம் தூக்கலாத் தெரியுதே," என்றாள் குள்ளி.

"அவ பல்லு அப்படித்தான். படத்துக்குன்னு வேற பல்லா கட்ட முடியும்?" என்று சொன்ன டீச்சர், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைத் தேடப் போனாள்.

குள்ளி ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவளுக்கு அந்தப் பேரை வைத்தது மைக்கக்கா. வீட்டில் அடித்துத் துரத்த, குனிந்து குனிந்து நடந்து வந்து சேர்ந்தவளைப் பார்த்து, "ஏண்டி குள்ளி, நிமிந்து நில்லு, கூரை இடிக்கட்டும், பாத்துக்கலாம்" என்றாளாம். அன்றைக்கு நிமிர்ந்தவள்தான். டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் அல்ல. ரயிலடிப் பக்கம் நின்று தொழில் செய்கிறவள். குடித்துவிட்டு வந்து உளறுகிற ஆளை, "திருத்திச் சொல்லு" என்று மிரட்டுவாள். அதில் ஒட்டிக்கொண்ட பேர்.

மைக்கக்காவுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்பது தெருவுக்கே தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண்ணை அடித்தார்கள் என்று, இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போய் முதன்முதலாகத் தெருவில் நின்றபோது, ஒரு போலீஸ்காரர் அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். அவள் ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. மைக்கோடு பேசியதைவிட மைக் இல்லாமல் பேசியது கடைசி வீடு வரைக்கும் கேட்டது. பிடுங்கியவருக்கே வெட்கமாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாராம். "வச்சுக்கங்க சார், உங்களுக்குத்தான் தேவைப்படும்" என்றாளாம் இவள்.

அந்த வீட்டில் முன்னால் ஓர் அறை, உள்ளே ஓர் அறை, பின்னால் தொட்டியும் கொதிக்கிற அண்டாவும். ரயிலடியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளின் படுக்கை விரிப்பெல்லாம் இங்கேதான் வெளுக்கும். வயதாகிவிட்டவர்களும் உடம்புக்கு முடியாதவர்களும் தொழிலே வேண்டாம் என்றாகிவிட்டவர்களும் கஞ்சி குடிக்க ஒரு வழி வேண்டுமென்று மைக்கக்கா ஆரம்பித்தது. ஆனால் யாரையும் தொழிலை விடச் சொல்ல மாட்டாள். "வர்றவ வரட்டும். திருத்துறேன்னு எவளும் கெளம்பாதீங்க. நம்மளத் திருத்த வந்தவங்களாலதான் நமக்குப் பாதி அடி" என்பாள். சொல்லிக்கொண்டே விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள்.

பெரிய விரிப்பைத் தனியாளாகப் பிழிய முடியாது. ஒரு வாஷிங் மெஷின் இருந்தது. பெரிய விரிப்பைப் போட்டால் அது தடதடவென்று அறையைச் சுற்றி நடக்கும். அதனால் கைதான். ஒருத்தி இந்த முனை, ஒருத்தி அந்த முனை, ஒருத்தி வலப்பக்கம் முறுக்கினால் அடுத்தவள் இடப்பக்கம். மைக்கக்கா மூச்சுக் கோளாறில் ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து அந்த முனைக்குச் சரியான ஆள் அமையவில்லை. டீச்சருக்கு மணிக்கட்டில் வலி. குள்ளி ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டு முறுக்கிப் பார்த்தாள், குழாய்தான் ஆடியது.

அந்தக் குழாயோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருமினார்கள். டீச்சர் எட்டிப் பார்த்தவள், இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேலேயே வைத்துவிட்டாள். தீய்ந்த வாசம் எழுந்த பிறகுதான் எடுத்தாள்.

வாசலில் மைக்கக்கா நின்றாள். மீசை வைத்து, பஸ் டிரைவர் சீருடை போட்டு, குடையை மடக்கத் தெரியாமல் நின்றாள்.

"நான்... அவங்க தம்பி," என்றார் அவர்.

"பாத்தாலே தெரியுது. வாங்க, தலைய முன்னால நீட்டாம வாங்க, ஈரத் துணி மூஞ்சியில அடிக்கும்," என்றாள் குள்ளி.

மழையால் வீடு முழுக்கக் கொடி கட்டியிருந்தது. விரிப்புகளை விலக்கி விலக்கி அவர் உள்ளே வந்தார். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காரவில்லை. கட்டிலின் மேல் விரித்திருந்த சுவரொட்டியைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"இதுக்காகத்தான் வந்தேன். டிப்போ பக்கத்துல இருக்கிற அச்சகத்துலதான் குடுத்திருக்கீங்க. அங்க வேலை செய்யற பையன் என்னைப் பாத்து, 'அண்ணே, உங்க படம் அடிச்சிட்டிருக்கோம்'னான். இத ஒட்டாதீங்க."

"ஒட்டாம? தலைகாணிக்கு உறையா தைக்கச் சொல்றீங்களா?" என்றாள் டீச்சர்.

"கூட்டம் போடுங்க, நான் வேணாங்கல. மூஞ்சி வேணாம். எங்கண்ணன்... அவங்க பேரப் போடல, சரி. ஆனா மூஞ்சியே போதுமே. அது என் மூஞ்சி. எம்பொண்ணுக்கு வரன் பேசிட்டிருக்கோம். மருந்துக்கடையில வேலை பாக்குறா. நல்ல எடம். அவங்க வீடு சந்தைக்குப் பக்கத்துத் தெரு."

"ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எட்டிப் பாத்தீங்களா நீங்க?"

"வந்தேன்."

"எப்ப வந்தீங்க? நாங்க மாத்தி மாத்தி அங்கதான் கெடந்தோம்."

"வாசல் வரைக்கும்," என்றார் அவர்.

டீச்சர் வாயைத் திறந்தாள். குள்ளி குறுக்கே வந்தாள். "டீச்சர், டீ போடு. தம்பி, கை சும்மாதான இருக்கு? இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க. குழாய் கையோட வந்துரும் போல இருக்கு."

பேச்சை மாற்றுவதற்காக அவள் கேட்கவில்லை. உண்மையாகவே விரிப்பு கனத்தது. அவர் குடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து முனையைப் பிடித்தார். ஸ்டியரிங் பிடித்த கை. முதல் முறுக்கிலேயே தண்ணீர் கொட்டியது.

"எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம். நீங்களும் நானும் ஒரே பக்கம் முறுக்குனா எப்படி?"

"சரி, சரி."

இரண்டு விரிப்புகளைப் பிழிந்து கொடியில் போட்டார்கள். மூன்றாவதில் அவரே கேட்டார். "இங்க அவங்க என்னதான் பண்ணாங்க? வெளிய பேசுறதெல்லாம் வேற மாதிரி இருக்கு."

"என்ன பேசுறாங்க?"

"ஊரக் கெடுக்கறாங்கன்னு."

குள்ளி சிரித்தாள். "எனக்குக் காய்ச்சல்னு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ஆம்பளை வார்டுல சேக்க மாட்டேன்னுட்டாங்க, பொம்பளை வார்டுலயும் மாட்டேன்னுட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல நடைபாதையில பாய விரிச்சு என்னைப் படுக்க வச்சு, பக்கத்துல தானும் படுத்துக்கிட்டா. டாக்டரு, நர்ஸு எல்லாரும் எங்களத் தாண்டித்தான் போகணும். 'தாண்டுங்க, பரவால்ல, எங்களத் தாண்டிப் போறது உங்களுக்குப் பழக்கந்தானே'ன்னா. சாயங்காலத்துக்குள்ள கட்டில் வந்துருச்சு. இப்ப எங்க ஆளுக யாரு போனாலும் கட்டில் இருக்கு. இதத்தான் தம்பி பண்ணா."

"ஸ்டேஷன் கதையச் சொல்லு," என்று உள்ளிருந்து டீச்சர் குரல் கொடுத்தாள். கோபமிருந்தாலும் கதையை அரைகுறையாக விட அவளுக்கு மனசு வராது. "பையில ஆணுறை இருந்தாலே கேஸ் போடுவாங்க. அதுக்குப் பயந்து அத எடுத்துக்காமப் போய் எத்தனை பேருக்கு நோய் வந்துச்சு. அவ ஒருநாள் ஒரு பெட்டி நெறைய எடுத்துட்டுப் போய் இன்ஸ்பெக்டர் மேசையில கொட்டிட்டா. 'எல்லாத்துக்கும் சேத்து என் மேல ஒரே கேஸாப் போடுங்க சார், இல்லன்னா இனிமே எங்க பிள்ளைங்க பையில கை விடாதீங்க.' அந்த மனுஷன் எழுந்து போயிட்டாரு, சிரிப்ப அடக்க முடியாம. அதுக்கப்புறம் அந்த ஸ்டேஷன்ல பைய நோண்டறதில்ல."

டிரைவர் சிரிக்கவில்லை. ஆனால் முறுக்குவதை நிறுத்திவிட்டிருந்தார்.

"சின்ன வயசுலயே அப்படித்தான்," என்றார் மெதுவாக. "எனக்காக வாத்தியார்கிட்டச் சண்டைக்குப் போவாங்க."

டீச்சர் டீயும், சுட்ட ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். கோபக்காரியின் தட்டில் அவருக்கு இரண்டு முட்டை இருந்தது. ஈரத் துணிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மழை கொஞ்சம் குறைந்து, மறுபடி வலுத்தது.

குள்ளிக்குச் சொல்வதா வேண்டாமா என்றிருந்தது. அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று அது. டீச்சருக்குக்கூடத் தெரியாது.

"தம்பி, உங்க பஸ்ஸுல அவ ஒரு தடவையாவது ஏறியிருக்காளா?"

அவர் முட்டையைத் தட்டில் வைத்தார்.

"ஏற மாட்டா," என்றாள் குள்ளி. "கூட நின்னிருக்கேன், அதான் தெரியும். தூரத்துல வரும்போதே உங்க பஸ்ஸுன்னு கண்டுபிடிச்சிருவா. 'இது வேணாம்டி, அடுத்தது வரும்'பா. மழை கொட்டுனாலும் அதான். மீட்டிங்குக்கு நேரமானாலும் அதான். 'ஏண்டி, ஊர்ல எல்லார் முன்னாடியும் நெஞ்ச நிமித்துற, தம்பி பஸ்ஸுல ஏற மாட்டியா'ன்னு ஒருநாள் கேட்டுட்டேன். 'மத்தவங்க முன்னாடி நிமிந்தா எனக்கு நல்லது. அவன் பஸ்ஸுல நிமிந்து உக்காந்தா டிப்போ பேச்சுல அவனுக்கு ஒரு வாரம் தூக்கம் போயிரும். அவன் பாவம்'னா."

அவர் ரொட்டியைக் கையில் எடுத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார் டிரைவர். "நிக்கறது தெரியும். சந்தை ஸ்டாப்புல. எல்லாரும் ஏறின பெறகும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பேன். கண்டக்டர் விசில் அடிச்சுக்கிட்டே இருப்பான். ஏறினா ஏறட்டும்னு நெனப்பேன். எறங்கிப் போய்க் கூப்பிடலாம்னும் நெனப்பேன். அப்புறம் எடுத்துருவேன். கண்ணாடியில சின்னதாகி மறையற வரைக்கும் பாப்பேன்." கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "அது ஒருநாளும் என்னைப் பாத்துக் கை காட்டினதில்ல" என்றார்.

"நீங்க பாக்காதப்பக் காட்டுவா," என்றாள் குள்ளி.

அவர் எழுந்து போய்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. டீச்சர் ஏதோ சொல்லப் போக, குள்ளி கண்ணாலேயே அடக்கினாள்.

திரும்பி வந்தபோது அவர் பழைய பேச்சையே எடுத்தார். ஆனால் குரலில் அந்த வேகம் இல்லை. "பொண்ணு விஷயம்... நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

குள்ளி கட்டிலின் மேலிருந்த முகத்தைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க யாரும் முகத்தை மூடிக்கொள்ள வேண்டாமென்று கத்தியவள். இந்த ஒருவருக்காக மட்டும் மழையில் ஒதுங்கி நின்றவள். இரண்டும் அவள்தான்.

"டிப்போ பக்கம் ஒட்டல," என்றாள் குள்ளி. "உங்க வீட்டுத் தெருவுலயும் ஒட்டல. மாப்பிள்ளை வீட்டுத் தெருவும் வேணாம். மத்த எல்லா எடத்துலயும் ஒட்டுவோம். மூஞ்சியில்லாமக் கூட்டம் போட முடியாது தம்பி. அவளே எந்திரிச்சு வந்து அடிப்பா."

அவர் தலையசைத்தார். கிளம்பும்போது குள்ளி கட்டிலின் மேலிருந்து ஒரு சுவரொட்டியை எடுத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டினாள். "இது ஒட்டறதுக்கில்ல. உங்களுக்கு. நல்லாச் சிரிச்சிருக்கா இதுல."

வாங்கிக்கொண்டு போய்விட்டார். குடையை மறந்து, தெருக்கோடி வரை போய், திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு டீச்சர் குள்ளியைப் பிடித்துக்கொண்டாள். "யாரக் கேட்டு வாக்குக் குடுத்த? டிப்போ சுவரு எவ்வளவு பெருசு தெரியுமா? ஊரே பஸ் ஏறுற எடம். ரெண்டு விரிப்புப் பிழிஞ்சு குடுத்தாருன்னு சுவரையே எழுதிக் குடுத்துட்டியே!"

"அவ இருந்தா என்ன சொல்லியிருப்பா?"

"அவ இருந்தா கூட்டமே இல்லடி!" என்று கத்திய டீச்சர் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியிலும் அடக்கம் செய்த இடத்திலும் அழாதவள். குள்ளி பக்கத்தில் உட்கார்ந்து, ஈரமில்லாத விரிப்பு ஒன்றின் ஓரத்தை அவள் கையில் கொடுத்தாள். "லாட்ஜுக்குப் போறதுடி இது," என்று சொல்லிக்கொண்டே டீச்சர் அதில் மூக்கைத் துடைத்தாள்.

மழை ஓய்ந்த காலையில் பசை வாளியோடு கிளம்பினார்கள். ரயிலடி, பெரியாஸ்பத்திரி, மீன் கடை வரிசை. குள்ளியின் உயரத்துக்கு ஏணி தேவைப்படவில்லை. டீச்சர் பசை தடவ, குள்ளி கை எட்டும் உயரத்தில் ஒட்டிக்கொண்டே வந்தாள். யாரும் கிழிக்க முடியாத உயரம். டிப்போ வந்ததும் வாக்குக் கொடுத்தபடி எதிர்ச்சாரிக்கு மாறினார்கள்.

"நில்லு," என்றாள் டீச்சர். "அங்க பாரு."

டிப்போ வாசலில், யாருக்கு எந்த ஷிப்ட் என்று எழுதி மாட்டுகிற பலகை இருக்கும். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் பார்த்தே ஆக வேண்டிய பலகை. அதற்குப் பக்கத்தில் மைக்கக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒட்டத் தெரியாதவர் ஒட்டியதில் முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது. நடுவில் பசை திரண்டு ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கீழே டிரைவர் உள்ளங்கையால் அந்த வீக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நான்கைந்து டிரைவர்களும் கண்டக்டர்களும்.

"அப்படித் தேய்க்காதீங்க, கிழிஞ்சிரும்!" என்று குள்ளி சாலையைக் கடந்து ஓடினாள். "நடுவுலருந்து ஓரத்துக்குத் தள்ளணும். தள்ளுங்க, நான் பாக்கறேன்."

அவர் விலகி நின்றார். சுற்றி நின்றவர்களில் ஒருவர் குள்ளியையும் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருப்பா இது, உன்ன மாதிரியே?"

"எங்கக்கா," என்றார் டிரைவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்டவருக்குக் காது மந்தம் என்பதுபோல இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார். "என் கூடப் பொறந்த அக்கா. ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. வாங்க."

ஒருவர் "ஓ" என்றார். ஒருவர் பார்வையை மாற்றிக்கொண்டு ஷிப்ட் பலகையில் தன் பெயரைத் தேடினார். வயதான கண்டக்டர் ஒருவர் மட்டும் அருகில் வந்து படத்தை உற்றுப் பார்த்து, "இவங்கள எனக்குத் தெரியுமே. சந்தை ஸ்டாப்புல நிப்பாங்க, நம்ம வண்டியில மட்டும் ஏறவே மாட்டாங்க" என்றார்.

டிரைவர் குள்ளியைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். சுவரொட்டியை முதலில் வீட்டில் மேசை மேல் வைத்திருந்தாராம். மகள் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்று கேட்டிருக்கிறாள். அப்படி ஒருவர் இருந்ததே அவளுக்குத் தெரியாது. சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "இதே ஊர்லயா இருந்தாங்க?"

"அதக் கேட்ட கையோட," என்றார். "அவளே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா. அவங்க வீட்டுல யோசிச்சுச் சொல்றோம்னாங்களாம். 'யோசிக்கறவங்க யோசிக்கட்டும்பா'ன்னுட்டா. அவ அம்மா மூணு வேளையும் திட்டிட்டுத்தான் இருக்கா." பிறகு கேட்டார்: "என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னும் இருந்தாக் குடுங்க. உள்ள கேன்டீன் சுவரும் இருக்கு."

டீச்சர் தங்களிடமிருந்த சுவரொட்டிகளில் பாதியை உருவி அவர் கையில் திணித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு விடுமுறை. கொட்டகையில் காய்கறி வாசம் போகவில்லை. கழுவிவிட்ட தரையில் நாற்காலிகளைப் போட்டார்கள். ரயிலடிப் பெண்கள் வந்தார்கள். மற்ற ஊர்களிலிருந்து திருநங்கைகள் வந்தார்கள். லாட்ஜ் மேனேஜர் ஒருவர் வந்து பின்வரிசையில் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தபடியே உட்கார்ந்திருந்தார். டிப்போவிலிருந்து அந்தக் கண்டக்டரும் இன்னும் சிலரும். டிரைவர் முன்வரிசைக்கு வர மாட்டேனென்று தூணோரம் நின்றார். அவர் மனைவி வரவில்லை. மகள் வந்திருந்தாள். மருந்துக்கடையிலிருந்து நேராக, சீருடைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி.

குள்ளிதான் முதலில் பேச வேண்டும் என்று முடிவாகியிருந்தது. மேடையேறியதும் அவளுக்குச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் பறந்துபோயிற்று. "நான் குனிஞ்சு வந்தேன். நிமிந்து நில்லுன்னா. நின்னுட்டிருக்கேன். அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். டீச்சர்கூட அதில் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

அப்போது ஒலிபெருக்கியைச் சரிபார்க்க வந்திருந்த எலக்ட்ரீஷியன் தானே மைக்கை எடுத்தான். முப்பது வயதிருக்கும். "எங்கம்மா ரயிலடியில தொழில் பண்ணாங்க. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப, அப்பா பேரு இல்லாமச் சேக்க மாட்டோம்னாங்க. இவங்க மேசையில கையூன்றிக்கிட்டு, 'அப்பன் இல்லன்னா என்ன, அத்தை இருக்கேன், அத்தை பேரு எழுதுங்க'ன்னாங்க. எழுதுற வரைக்கும் அந்த எடத்த விட்டு நகரல. எனக்கு மட்டுமில்ல. இங்க இருக்கிறவங்க சொல்லுங்க, யாருக்கெல்லாம் இவங்க அத்தை?"

கை ஒன்று எழுந்தது. பிறகு ஒன்று. ஒரு லாரி கிளீனர், கைக்குழந்தையோடு ஒரு பெண், கல்லூரிப் பையோடு ஒருத்தி. கொட்டகை முழுக்க அங்கங்கே கைகள். குள்ளிக்கே தெரியாதவர்கள்.

டிரைவரின் மகள் எழுந்து நடந்து வந்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கும் அவங்க அத்தை," என்றாள். "சொந்த அத்தை. எங்கப்பாவோட அக்கா. இங்க இருக்கிற எல்லாரும் அவங்கள அப்படிக் கூப்பிட்டிருக்கீங்க. நான் மட்டும் ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்ல." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து அவளைத் தங்களுக்கு நடுவே இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்கள். தூணோரம் நின்ற டிரைவர் வந்து அவர்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் கலைய, குள்ளி நாற்காலிகளை மடிக்கத் தொடங்கினாள். அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ கேட்க நினைத்து, எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாத முகம். பல் லேசாக முந்திக்கொண்டிருந்தது.

"உங்கள நான் எப்படிக் கூப்பிடறது?" என்றாள்.

"எல்லாரும் குள்ளின்னுதான் கூப்பிடுவாங்க."

"அது எப்படி? நீங்க பெரியவங்க." கொஞ்சம் யோசித்தாள். "அத்தைக்கு நீங்க தங்கச்சி மாதிரிதானே?"

"மாதிரியெல்லாம் இல்ல. தங்கச்சிதான்."

அந்தப் பெண்ணும் நாற்காலி மடிக்க ஆரம்பித்தாள். குள்ளி தள்ளிப் போய், தூணில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்ப்பதுபோல நின்றாள். தன்னைத் துரத்திய வீட்டில் அண்ணனுக்குப் பிள்ளைகள் பிறந்திருக்கும். அதுகளுக்கு இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. அந்தச் சொல் தன் பக்கம் வருமென்று அவள் என்றைக்கும் எதிர்பார்த்ததில்லை. எதிர்பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டவள்.

பின்னாலிருந்து, தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நாற்காலிகளைச் சுமந்துகொண்டு, அவசரத்தில் கேட்கிற குரலில் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அத்தை, இத எங்க வைக்க?"

குள்ளி திரும்பினாள்.

"இங்க கொண்டா," என்றாள். "பாத்து வாம்மா, தரை ஈரமா இருக்கு."